அத்தானும் ஆறடி அகல மெத்தையும்

என் அக்காவின் வீட்டுக்காரர் உலகத்தில் எதையுமே லேசில் நம்ப மாட்டார். வானிலை அறிக்கையை நம்பாமல் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்தாலும், மேல்மாடியில் யாராவது செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம் என்பார். கல்யாணம், காதல், குடும்ப மானம், பெரிய மனிதர்கள், சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள், தலைமுடி வளரும் எண்ணெய், இவை எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இப்படிப்பட்ட மனிதர் பிழைப்புக்குச் செய்வது கணவன் மனைவிகளுக்கு இரட்டை மெத்தை விற்பது.

கடையில் அவருக்குத் தத்துவம் என்று பெயர். முதலாளியம்மாவிலிருந்து வண்டியில் மெத்தை ஏற்றுகிறவர்வரை எல்லோருக்கும் அவர் தத்துவம். எனக்கு அத்தான். அதே கடையில் பில் போடும் மேசையில் நான் உட்கார்ந்திருப்பதால் அவர் என்னைக் கல்லா என்று கூப்பிடுகிறார். அம்மா அப்பா போன பிறகு அக்கா வீடுதான் என் வீடு. ஆக, பகலில் கடையிலும் சாயங்காலம் வீட்டிலும் இந்த மனிதரின் தத்துவத்திலிருந்து எனக்கு விடுமுறை என்பதே கிடையாது.

அவர் மெத்தை விற்கும் அழகைச் சொல்ல வேண்டும். கணவனும் மனைவியுமாக வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைமேல் படுக்கச் சொல்லுவார். அவர்கள் வெட்கப்படுவார்கள். "வீட்ல நின்னுக்கிட்டா தூங்குவீங்க? படுங்க!" என்பார். படுத்ததும் இருவருக்கும் நடுவில் ஒரு சின்னப் பலகையை வைத்து, அதன்மேல் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைப்பார். "இப்ப யாராவது ஒருத்தர் புரளுங்க." தண்ணீர் சிந்தாவிட்டால் நல்ல மெத்தை. சிந்தினால் துடைத்துவிட்டு அடுத்த மெத்தைக்குப் போக வேண்டும்.

இது கடைக்காக. தனக்காக அவர் கவனிப்பது வேறு. புருஷன்மார்கள் மெத்தையை முஷ்டியால் இரண்டு குத்து குத்திவிட்டு நட்டநடுவில் மல்லாந்துவிடுவார்கள். மனைவிமார்கள் முதலில் குனிந்து கட்டிலுக்கு அடியில் துடைப்பம் நுழையுமா என்று பார்ப்பார்கள். பிறகு கைப்பையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஓரமாகப் படுப்பார்கள்.

"பார்த்தியா கல்லா," என்று என் மேசைக்கு வந்து கிசுகிசுப்பார். "நடுவுல படுத்த பொம்பளை ஒருத்தரை இத்தனை வருஷத்துல நான் பார்க்கலை. ஆம்பளை படுத்தது போக மீதி எவ்வளவோ, அதுதான் அந்தக் குடும்பத்தோட சரித்திரம்."

"உங்க சரித்திரம் எப்படி?"

"எனக்கு ஒத்தைக் கட்டில். சரித்திரமே கிடையாது."

ஒருமுறை, கல்யாணமாகிச் சில நாளே ஆன ஒரு ஜோடி வந்து, அன்பு குறையாமல் இருக்க எந்த மெத்தை நல்லது என்று கேட்டுத் தொலைத்தார்கள். அத்தான் மெத்தைமேல் ஒட்டியிருந்த பாலிதீன் உறையைத் தட்டிக் காட்டினார். "காதல்ங்கிறது இதுதாங்க. புதுசுல பளபளன்னு இருக்கும். கழட்டாம அதுமேலயே படுத்தா வேர்க்கும். கழட்டிட்டுப் பாருங்க, உள்ள இருக்கிறதுதான் மெத்தை." முதலாளியம்மா கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார். "தத்துவம், நீ இங்க மெத்தை விக்கிறியா, விவாகரத்து விக்கிறியா?" ஆனால் அந்த ஜோடி அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனது. அடுத்த மாதம் அந்தப் பெண் தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அத்தான் எவ்வளவு பயமுறுத்தினாலும் விற்பனை குறைந்ததே இல்லை.

பெண்களுக்காகப் பரிந்து பேசும் ஆண்களை நான் உடனே நம்பிவிட மாட்டேன். நாலு பேர் முன்னால் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "என் சட்டை எங்க?" என்று கத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அத்தானும் சட்டை தேடுகிற ஜாதிதான். மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடியையே வீடு முழுக்கத் தேடுவார். ஆனால் அவரிடம் ஒரு குணம் உண்டு. பெண்களைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று கடையில் யாராவது பெருமூச்சு விட்டால், "கேட்டுப் பார்த்தியா?" என்பார். வீட்டில் அவர் இப்படி நீட்டி முழக்கும்போது அக்கா, "தத்துவம் பேசற வாய் பாத்திரம் கழுவுமா?" என்பாள். "வாய் கழுவாது, கை கழுவும்," என்று எழுந்து போய்க் கழுவுவார். சுமாராகத்தான் கழுவுவார். நான் பிறகு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

அக்கா பல் கட்டுகிறவள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருத்தமாகப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் வேலை. அச்சைப் பார்த்தே ஆள் எவ்வளவு கோபக்காரர் என்று சொல்லிவிடுவாள். கோபக்காரர்களுக்குப் பல் தேய்ந்திருக்குமாம். அவள் முதன்முதலில் எங்கள் கடைக்குத் தனக்கென்று ஒரு மெத்தை வாங்கத்தான் வந்தாள்.

"ஒருத்தருக்கு மட்டுமா?" என்று அத்தான் கேட்டிருக்கிறார்.

"ஏன், ஒத்தை ஆளுக்குத் தூக்கம் வராதா?"

அங்கேயே விழுந்துவிட்டார். காதலை நம்பாதவர்கள் காதலில் விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. பழக்கம் இல்லை பாருங்கள். மெத்தையைக் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று அவரே வந்தார். மெத்தை சரியாக இருக்கிறதா என்று கேட்க மறுபடி வந்தார். மெத்தையைப் பற்றிக் கேட்க இனி ஒன்றுமே இல்லை என்ற நிலை வந்தபோது, "எனக்குக் கல்யாணத்துல நம்பிக்கை இல்லை. உங்களுக்கு?" என்று கேட்டார்.

"எனக்கும் இல்லை. ஆனா உங்களைப் பார்த்தா சிரிப்பு வருது."

"அது போதுமா?"

"போகப் போகப் பார்ப்போம்," என்றாள் அக்கா. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் அத்தான் ஒரு சட்டம் போட்டார். "நான் உங்களை நீன்னு சொல்லுவேன், நீங்க என்னை நீங்கன்னு சொல்லணும், இது என்ன நியாயம்? ரெண்டு பேரும் நீ, இல்லைன்னா ரெண்டு பேரும் நீங்க." அக்கா யோசித்துப் பார்த்தாள். "நான் உங்களை நீன்னு கூப்பிட்டா எதிர் வீட்டு ஜன்னல் பெயர்ந்து விழுந்துடும். நீங்கவே இருக்கட்டும்," என்றாள். ஆகையால் எங்கள் வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் நீங்க. சண்டை வந்தால் மட்டும் இருவரும் நீ. சத்தத்தைக் கேட்டே நான் வானிலையைத் தெரிந்துகொள்வேன்.

இனி மெத்தை விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முதலாளியம்மா கடையிலேயே பெரிய இரட்டை மெத்தையைப் பரிசாக அனுப்பினார். அத்தான் குறட்டை விடுவார். அக்கா தூக்கத்தில் உதைப்பாள். உதைத்தால் குறட்டை நிற்கும், ஆனால் அத்தான் எழுந்துவிடுவார். உதைக்காவிட்டால் அக்கா விழித்திருப்பாள். அத்தான் வீட்டிலும் டம்ளர் வைத்துப் பார்த்தார். கடையிலிருந்து ஒவ்வொரு மெத்தையாக வந்து, நனைந்து, திரும்பிப் போயிற்று. கடைசியில் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் அக்கா ஒரு பெரியவருக்கு முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் கடைவாய்ப்பல்லைப் பொருத்திவிட்டாள். நல்லவேளை, வாய்க்குள் போவதற்கு முன்னால் டாக்டர் பார்த்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே அத்தான் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்குப் போனார். கல்யாணத்துக்கு முன் அக்கா வாங்கிய ஒற்றை மெத்தை அந்த அறையில்தான் கிடந்தது. இரட்டை மெத்தை கடைக்கே திரும்பிப் போயிற்று, அக்காவுக்குப் பாயே போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? புருஷன் ஒரு அறை, பெண்டாட்டி ஒரு அறை என்றால் ஊரின் வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. மாடிப்படியில் ஏறும்போது குரல்கள் சட்டென்று நின்றுவிடும். அத்தான் அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தார். "சமூகம், சமூகம்ங்கிறாங்களே, அது யாரு? எதிர் ஜன்னல்ல ரெண்டு கண்ணு. அந்த ரெண்டு கண்ணும் நம்ம ஜன்னலைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருக்கு. பயந்தவனைப் பார்த்துப் பயப்படலாமா?" நானும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன், என் தலையில் விழும்வரை.

என் தலையில் விழுந்தவர் லிஃப்ட்காரர். கடை லிஃப்டில் ஒரு மெத்தையைத் திணித்து, அது பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்ட அன்று, பழுது பார்க்க அவர் வந்தார். வேலை முடிந்து கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கினார். மறுநாள் பேனாவைத் திருப்பித் தர வந்தார். அதற்கு மறுநாள் பேனாவைக் கடன் கேட்க வந்தார். பிறகு எங்கள் கடை லிஃப்ட் மாதிரி அடிக்கடி பழுதான லிஃப்ட் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. நான் படியில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். ஒரு மாடிக்கு லிஃப்டில் போய், கீழே இறங்கி, மறுபடி மேலே போவேன். காரணமில்லாமல் சிரித்தேன். ஒருவருக்கு மெத்தைக்குப் பதில் தலையணைக்குப் பில் போட்டேன்.

"கல்லா, நெஞ்சுல ஏதோ படபடன்னு அடிக்குதா?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான்."

"காதலும் வாயுத் தொல்லையும் ஒரே இடத்துலதான் ஆரம்பிக்கும். கொஞ்ச நாள் பொறு. வாயுன்னா போயிடும்."

பொறுத்தேன். போகவில்லை.

கல்யாணம் என்று பேச்சு வந்தபோது லிஃப்ட்காரருடைய அம்மாதான் தடை. கெட்டவர் இல்லை, பயந்தவர். அவருடைய மூத்த மகனின் குடும்பம் பிரிந்துபோய்விட்டது. முதலில் ஒரு தலையணை ஹாலுக்கு வந்ததாம், பிறகு ஆள் வந்தாராம், கடைசியில் பீரோ வெளியே போனதாம். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு ஒரே முடிவு: கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தூங்குகிற வீட்டில் பெண் எடுக்கக் கூடாது. ஏற்கனவே வந்த ஒரு நல்ல இடத்தை, அந்த வீட்டுச் சோபாவில் போர்வை மடித்து வைத்திருந்ததைப் பார்த்தே வேண்டாம் என்றுவிட்டாராம். "ஞாயித்துக்கிழமை அம்மா அப்பா வர்றாங்க. ரூமைப் பார்ப்பாங்க," என்றார் லிஃப்ட்காரர். அவர் முகம் வெளுத்திருந்தது. "அண்ணன் விஷயத்துல அம்மா ரொம்ப உடைஞ்சு போயிட்டாங்க. அவங்க சரின்னு சொல்லாம என்னால எதுவும் செய்ய முடியாது. கோவிச்சுக்காதே."

கோபித்துக்கொண்டேன். பிறகு அழுதேன். பிறகு நேராக அத்தானிடம் போனேன்.

"அப்ப என்னைப் பொய் சொல்லச் சொல்றே," என்றார்.

"வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். பெரிய மெத்தை ஒண்ணை அக்கா ரூம்ல போட்டுட்டு, சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

"வாயைத் திறக்காம எப்படி உட்கார்றது?" இதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கிய முகம். "சரி. ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் நான் சமூகத்தை நம்பறேன்," என்றார். அக்கா மட்டும், "எனக்கென்னவோ இது சரியாப் படலை," என்று முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை காலையில் கடையிலிருந்து ஆறடி அகல மெத்தை வந்தது. எங்கள் குடியிருப்பு லிஃப்டில் நுழையவில்லை. லிஃப்ட்காரரே தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அவருடைய தொழிலுக்கே அவமானமாகப் போயிற்று. படி வழியாகத் தூக்கினோம். திருப்பத்தில் மெத்தை கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. மேலே அத்தான், கீழே லிஃப்ட்காரர், அவருக்கும் கீழே நான். அதற்குள் எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன.

"கடைசியில சேர்ந்துட்டீங்களா! ரொம்ப சந்தோஷம்!" என்று கீழ்வீட்டுக்காரர் மெத்தையின் இடுக்கு வழியாக அத்தானுக்குக் கை கொடுத்தார். பக்கத்து வீட்டம்மா கண்ணில் நீர் தளும்ப நின்றார். அவர் படுக்கிற அறைக்கும் அத்தானின் சின்ன அறைக்கும் ஒரே சுவர். "அப்போ இனிமே குறட்டை எங்க பக்கம் வராதா?" என்றார். அவ்வளவு நம்பிக்கையோடு என்னை யாரும் எதையும் கேட்டதில்லை.

ஒருவழியாக மெத்தை அக்காவின் அறையில் நுழைந்தது. நுழைந்த பிறகு வேறு எதற்கும் இடமில்லை. கதவு பாதிதான் திறந்தது. அலமாரியைத் திறக்க மெத்தைமேல் முழங்காலிட வேண்டும். அத்தானின் ஒற்றை மெத்தை, தலையணை, புத்தகங்கள், மேசைவிளக்கு எல்லாவற்றையும் சின்ன அறையிலேயே கதவை ஒட்டிச் செங்குத்தாக அடுக்கிக் கதவைச் சாத்தினோம். கேட்டால் சாமான் அறை என்று சொல்வதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார்கள். அம்மா மெலிந்த உடம்பு, எல்லாவற்றையும் ஒருதரம் தொட்டுப் பார்க்கிற கை. அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "தண்ணி!" என்று அவர் கேட்டதும் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்றோம். சாப்பாடு நன்றாகவே நடந்தது. அத்தான் ஏறக்குறைய எதுவுமே பேசவில்லை. ஒவ்வொருமுறையும் தத்துவம் தொண்டைவரை வந்து திரும்பிப் போவது எனக்குத் தெரிந்தது. விக்கல் எடுத்தது அவருக்கு.

சாப்பிட்டதும் அந்த அம்மா எழுந்தார். "வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அக்காவின் அறைக் கதவை, திறக்கிற அளவுக்குத் திறந்தேன். மெத்தையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தொட்டார், அமுக்கினார், தட்டினார். "நல்லா இருக்கு. யாரு எந்தப் பக்கம்?"

"சுவர்ப் பக்கம்," என்றாள் அக்கா.

"சுவர்ப் பக்கம்," என்றார் அத்தானும், அதே நேரத்தில்.

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தான் சமாளித்தார். "தினமும் அதுக்குத்தான் சண்டைங்க. முதல்ல வர்றவங்களுக்குச் சுவர்." அந்த அம்மா புன்னகைத்தார். லிஃப்ட்காரர் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். அவர் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "நல்ல குடும்பம்," என்றார். அக்காவைப் பார்த்து, "நீ காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேம்மா. கொஞ்ச நேரம் படு. நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்," என்றார். அக்காவும் மறுக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குப் பறக்கலாம் போல இருந்தது.

ஹாலில் டிரில் மாஸ்டருக்கு மெத்தையின் ஞாபகம் விடவில்லை. "எத்தனை வருஷம் உத்தரவாதம்?" என்றார். அத்தானுக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "அட்டை உள்ளதான் இருக்கு, எடுத்துட்டு வர்றேன்," என்று எழுந்தார். அக்காவின் அறைக் கதவுமுன் போய் நின்றார். விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"வரலாமா?"

இந்தத் தட்டலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் எங்கள் காதில் அது விழுவதே இல்லை. தனி அறை ஆனதிலிருந்து அத்தான் அக்காவின் கதவைத் தட்டாமல் உள்ளே போனதில்லை. அக்காவும் அவர் கதவைத் தட்டாமல் போனதில்லை. காலை காபி கொண்டுபோனாலும் தட்டுவார். வீட்டுக்குள் கரப்பான் பறந்து வந்தாலும் தட்டிவிட்டுத்தான் அவள் அறைக்குள் ஓடுவார். அவ்வளவு திட்டம் போட்ட எனக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

உள்ளேயிருந்து அக்காவின் தூக்கக் குரல் தெளிவாகக் கேட்டது. "இப்ப வேண்டாம். மத்தியானத்துல எழுப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உங்க ரூமுக்குப் போங்க."

"சரி," என்றார் அத்தான். சொன்னபடியே திரும்பி, சின்ன அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

சாய்த்து வைத்திருந்த ஒற்றை மெத்தை, போகிற வழி கிடைத்த சந்தோஷத்தில், அவரையும் தள்ளிக்கொண்டு ஹாலில் வந்து விழுந்தது. பின்னாலேயே தலையணை வந்தது. மேசைவிளக்கு வந்தது. கடைசியாக ஒரு புத்தகம் சறுக்கிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் காலடியில் நின்றது. அத்தான் மெத்தையின்மேல் குப்புறக் கிடந்தார்.

"அது... விருந்தாளி வந்தா படுக்க," என்றார் லிஃப்ட்காரர். எடுபடவில்லை.

"தனித்தனி ரூமா?" என்றார் அந்த அம்மா. சிரித்த முகம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா அத்தை, தனித்தனி ரூம்தான். மெத்தை நேத்துதான் வந்துது. பொய் சொல்லச் சொன்னது நான். அவங்க சண்டை போட்டுப் பிரியலை. சண்டை வரக் கூடாதுன்னுதான் பிரிஞ்சு தூங்கறாங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க, எங்க அக்காவை மட்டும் எதுவும் சொல்லாதீங்க!" சொல்லிவிட்டு லிஃப்ட்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கல்யாணம் அங்கே, அந்த ஒற்றை மெத்தைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்தார். "ஏன் தட்டினீங்க?"

அத்தான் எழுந்து உட்கார்ந்தார். கேள்வி அவருக்குப் புரியவில்லை. "உள்ள ஆள் இருக்காங்களே."

"உங்க பொண்டாட்டிதானே?"

"ஆமாங்க. அவங்கதான் இருக்காங்க."

"வேண்டாம்னதும் திரும்பிட்டீங்க."

"வேண்டாம்னு சொன்னாங்களே," என்றார் அத்தான்.

அந்த அம்மா ஒரு கையால் சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "என் மூத்த மருமக ஒருநாள் இப்படித்தான் கதவைச் சாத்திக்கிட்டா," என்றார் மெதுவாக. "என் பையன் தட்டலை. எட்டி உதைச்சான். கொக்கி தெறிச்சு விழுந்துது. புருஷன் வந்தா கதவைச் சாத்துவியான்னு நான் அவளைத்தான் திட்டினேன்." டிரில் மாஸ்டர், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். "இப்பத்தான்," என்றார் அந்த அம்மா.

எழுந்தார். தலையணையைத் தாண்டி அக்காவின் கதவுக்கு முன்னால் போய் நின்றார். விரலை மடக்கி, கொஞ்சம் தயங்கி, இரண்டு தட்டுத் தட்டினார்.

"நான்தாம்மா. வரலாமா?"

"வாங்க, வாங்க," என்றது அக்காவின் குரல். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் நால்வரும் ஹாலில் ஒற்றை மெத்தையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். உள்ளே முதலில் மெல்லிய பேச்சு. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நான் நகம் கடித்தேன். பிறகு ஒரு சிரிப்பு. அக்காவின் சிரிப்பு எனக்குத் தெரியும், இது அது இல்லை. "உங்க அம்மாவா?" என்று லிஃப்ட்காரரிடம் கிசுகிசுத்தேன். "தெரியலை, நான் கேட்டதில்லை," என்றார் அவர்.

டிரில் மாஸ்டருக்குப் பொறுமை தீர்ந்தது. "என்ன முடிவுன்னு கேட்டுட்டு வர்றேன்," என்று எழுந்து, விறைப்பாக நடந்து போய்க் கதவின் கைப்பிடியைத் திருகினார்.

"தட்டிட்டு வாங்க," என்றது உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல்.

அவர் கையை எடுத்தார். அந்தக் கையையே திருப்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அத்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே காற்றில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். டிரில் மாஸ்டர் திரும்பி நின்று, கதவை டமார் டமார் என்று இடித்தார்.

"மெதுவா."

மறுபடி தட்டினார். இந்தமுறை எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தப் பெரிய உடம்புக்குள் அவ்வளவு சின்னக் குரல் இருந்தது எனக்கு ஆச்சரியம்.

"வரலாமா?"

"இப்ப வேண்டாம். கல்யாணத்துக்கு நாள் பேசிட்டிருக்கோம்."

"சரி," என்றார் டிரில் மாஸ்டர். வந்து அத்தானுக்குப் பக்கத்தில், அந்த மெத்தையின் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.